அலுமினிய லேபிளில் கோட்டு வேலைப்பாடு: உண்மையான ஃபாயிலா, ஆவிப்பூச்சுத் தாளா?

பொள்ளாச்சித் தைலம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் நாத்தனாரும் சேர்ந்து, செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயில் மூலிகைகளைக் காய்ச்சிக் கூந்தல் தைலம் செய்து விற்று வருகிறோம். 200 மில்லி கண்ணாடிப் புட்டியும் அதற்கோர் அட்டைப் பெட்டியும்தான் எங்கள் சரக்கு. சென்ற ஆண்டு முதன்முறையாகப் பளபளப்பான வெள்ளி நிற லேபிள் அடித்தோம். அச்சகத்தின் மேசையில் வைத்துப் பார்த்தபோது மிக அழகாக இருந்தது. கடையின் அடுக்கில் ஏறிய பிறகோ, மேலே எரிந்த டியூப் லைட்டின் வெளிச்சம் அப்படியே லேபிளில் விழுந்து, பெயரைத் தவிர வேறெந்த எழுத்தையும் படிக்கவிடாமல் செய்துவிட்டது. பில் போடும் இடத்தில் பார்கோடு எத்தனை முறை காட்டினாலும் ஏறவில்லை என்று சொல்லி, ஒரு கடைக்காரர் இரண்டு பெட்டிச் சரக்கைத் திருப்பி அனுப்பினார்.

வழுவழுப்பான வெள்ளிக்குப் பதிலாக, கோடு கோடாகத் தேய்த்த உலோகம் போன்ற மேற்பரப்பை எடுத்துக்கொண்டால் இந்தக் கண்கூச்சம் குறையும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அதன்படி மூன்று மாதிரிகளை வாங்கி வைத்திருக்கிறேன். மூன்றும் தொலைவிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கின்றன. விலையில் மட்டும் பெரிய வேறுபாடு. ஒன்றை "ஒரிஜினல் அலுமினியம்" என்றும், மற்றொன்றை "மெட்டலைஸ்டு" என்றும், மூன்றாவதை "பிரஷ் எஃபெக்ட்" என்றும் சொல்கிறார்கள். இவற்றுக்குள் உண்மையான வேறுபாடு என்ன? எண்ணெய்ப் புட்டிக்கு எது பொருந்தும்? தீபாவளிப் பரிசுப் பெட்டிக்குத் தங்க நிறத்தில் இதே வேலைப்பாடு கிடைக்குமா?


சிவகாசி அச்சு எழுதியது:

சகோதரி, உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன், ஏனென்றால் இதே குழப்பத்தோடு எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் மிகப் பலர். முதலில் கையிலிருக்கும் மூன்று மாதிரிகளையும் நீங்களே பிரித்தறிந்துகொள்ளலாம்; அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

மாதிரியின் ஒரு மூலையை நகத்தால் அழுத்தி மடித்துவிட்டுக் கையை எடுங்கள். மடித்தது மடித்தபடியே கிடந்தால் அது உண்மையான அலுமினிய ஃபாயில். மெல்ல எழுந்து பழைய நிலைக்குத் திரும்பினால் அது பிளாஸ்டிக் படலத்தின்மீது அலுமினியம் பூசிய ஆவிப்பூச்சுப் படலம், அதாவது மெட்டலைஸ்டு. மடிப்பில் வெள்ளையாக நார் பிரிந்து தெரிந்தால் அது தாள் அல்லது அட்டை. இன்னொரு சோதனையும் செய்யலாம்: இருட்டறையில் கைபேசியின் டார்ச்சை மாதிரிக்குப் பின்னால் பிடியுங்கள். ஆவிப்பூச்சுப் படலத்தின் வழியே மங்கலாக ஒளி தெரியும். ஃபாயிலின் வழியே தெரியாது.

காரணம் எளிது. லேபிளுக்கு வரும் உண்மையான ஃபாயில் பெரும்பாலும் 50 மைக்ரான் அளவிலான உலோகத் தகடு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). ஆவிப்பூச்சுத் தாளிலோ படலத்திலோ இருப்பது, வெற்றிட அறைக்குள் அலுமினியத்தை உருக்கி ஆவியாக்கிப் படியவைத்த ஒரு மெல்லிய படிவு; அதன் கனம் 0.03 முதல் 0.05 மைக்ரான்தான். அதாவது நீங்கள் பார்க்கும் வெள்ளி நிறம் இரண்டிலும் ஒரே உலோகத்தினுடையது, ஆனால் ஒன்றில் இருக்கும் உலோகத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் மற்றொன்றில் இருக்கிறது. விலை வேறுபாட்டின் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

மூன்றாவதாக "பிரஷ் எஃபெக்ட்" என்று உங்களுக்குக் கொடுத்தது, கண்ணாடி போல மின்னும் வெள்ளி அட்டையின்மேல் வலைத்துணி வழியே மையை அழுத்தி அடிக்கும் ஸ்கிரீன் முறையில், புறஊதா ஒளியில் உலரும் நிறமற்ற யு.வி. மையைக் கோடு கோடாக அடித்ததாக இருக்கும். விரல் நுனியால் தடவிப் பாருங்கள், கோடுகள் மேலெழுந்து நிற்கும். இதே முறையில் மணல் தூவியது போலவும், சுருங்கிய தோல் போலவும், பனிப்பூ விரிந்தது போலவும் செய்கிறார்கள். சுருக்க வகையில் அந்த மை யு.வி. விளக்கின் கீழ் சுருங்கும்போதே அந்த வடிவம் தானாக அமைந்துவிடுகிறது. கல்யாணப் பத்திரிகைகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

தங்க நிறத்துக்கு வருகிறேன். இந்தத் துறையில் புழங்கும் தங்கத் தாள் ஏறத்தாழ அனைத்தும் அலுமினியமே. அதன்மேல் மஞ்சள் சாயம் கலந்த ஒளிபுகும் வார்னிஷைப் பூசினால் தங்கம். செம்மை கலந்தால் செம்பு. ஆகவே வெள்ளியில் கிடைக்கும் எந்த வேலைப்பாடும் தங்கத்திலும் கிடைக்கும்.


கோவை பெயர்ப்பலகை எழுதியது:

மேலே அச்சு அண்ணன் சொன்னதில் பிழையில்லை, ஆனால் உண்மையான உலோகத்தில் கோடு போடுவது எப்படி என்று சொல்லாவிட்டால் அதன் அருமை தெரியாது. நான் பம்ப் மோட்டார்களுக்கும் கிரைண்டர்களுக்கும் அலுமினியப் பெயர்ப்பலகை செய்து கொடுப்பவன். எங்களிடம் தகடு, உராய்வுத் துகள் ஒட்டிய பெல்ட்டின் அடியில் ஒரே திசையில் ஓடும். ஒவ்வொரு துகளும் தகட்டில் ஒரு நுண்ணிய பள்ளத்தை உழுதுகொண்டே போகும். அந்தப் பள்ளங்கள் ஒன்றும் ஒரே நீளத்தில் இருப்பதில்லை, ஒரே ஆழத்திலும் இருப்பதில்லை. அந்த ஒழுங்கின்மைதான் அந்த மேற்பரப்புக்கு உயிர் கொடுக்கிறது. உருளையால் அழுத்தி எடுத்த கோட்டு வேலைப்பாட்டை உற்றுப் பார்த்தால், உருளை ஒரு சுற்று முடிந்ததும் அதே கோடுகள் மறுபடி வருவதைக் காணலாம்.

எங்கள் தொழிலில் அடுத்த படி அனோடைசிங். கந்தக அமிலக் கரைசலில் தகட்டை நேர்மின்வாயாக வைத்து மின்சாரம் பாய்ச்சினால், உலோகத்தின் மேற்பரப்பே கடினமான ஆக்சைடாக மாறுகிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்திருக்கும். சாயத்தை அவற்றுள் ஊறவிட்டு, பிறகு கொதிநிலைக்கு அருகிலுள்ள நீரில் அமிழ்த்தினால் துளைகள் மூடிக்கொள்ளும். நிறம் மேலே ஒட்டிய பூச்சாக இல்லாமல் உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடும். மாவும் தண்ணீரும் பட்டு நாள்தோறும் துடைக்கப்படும் கிரைண்டரில், பெயர்ப்பலகை ஆண்டுக்கணக்கில் அழியாமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் சகோதரிக்கு ஓர் எச்சரிக்கை. அனோடைஸ் செய்த தகட்டைப் பிறகு வளைத்தால் அந்த ஆக்சைடு நுண்ணிய கீறல்களாக வெடிக்கும். சிறு விட்டமுள்ள புட்டியைச் சுற்றி ஒட்ட அது உதவாது. பரிசுப் பெட்டியின் மூடியில், தட்டையான இடத்தில், சிறு வில்லையாக ஒட்டினால் மிகப் பொருத்தமாக இருக்கும்.


சிவகாசி அச்சு எழுதியது:

கோடுகளின் திசையைப் பற்றி இங்கே விரிவாகவே சொல்ல வேண்டும். மூன்று மாதிரிகளில் எதை வாங்கினாலும், திசையில் தவறினால் சென்ற ஆண்டின் கதையே திரும்பும்.

சகோதரி, உங்கள் சரக்கிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. எண்ணெய் தடவி நன்றாக வாரிய நீண்ட கூந்தலில் ஒளி விழும்போது பாருங்கள்: அந்த மினுமினுப்பு முடியின் நீளவாக்கில் ஓடாது, முடிக்குக் குறுக்காக ஒரு பட்டையாக நிற்கும். கோட்டு வேலைப்பாடும் அப்படியே. கோடுகளின் நெடுக்கில் ஒளி அதிகம் சிதறுவதில்லை, கோடுகளுக்குக் குறுக்கான திசையில்தான் பரவுகிறது.

இதை உருண்டையான புட்டிக்குப் பொருத்திப் பாருங்கள். கோடுகள் புட்டியைச் சுற்றி வளையம் போல ஓடினால், மேலிருந்து கீழாக ஒடுங்கிய, கூர்மையான ஓர் ஒளிக்கோடு நிற்கும். வாடிக்கையாளர் நகர நகர அதுவும் நகரும். கடைசல் பிடித்த பித்தளைச் செம்பில் இதைப் பார்த்திருப்பீர்கள். கோடுகள் புட்டியின் உயரவாக்கில் நின்றால், ஒளி பக்கவாட்டில் விரிந்து, லேபிளின் அகலத்தில் மென்மையாகப் பரவும். முதல் வகை கண்ணை இழுக்கும். இரண்டாம் வகை எழுத்தைப் படிக்கவிடும். சிறு எழுத்து நிறைந்த பக்கம் பெரிதாக இருந்தால் நான் இரண்டாவதையே சொல்வேன்.

இப்போது நடைமுறைச் சிக்கல். சுருளாக வரும் தாளில் கோடுகள் பெரும்பாலும் சுருள் ஓடும் திசையிலேயே இருக்கும், ஏனென்றால் தாள் ஓடும்போதுதான் வேலைப்பாடு ஏறுகிறது. எனவே லேபிளைச் சுருளில் நிமிர்த்தி வைத்து அடிக்கிறோமா, படுக்கவைத்து அடிக்கிறோமா என்பதே கோட்டின் திசையைத் தீர்மானித்துவிடும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் தேன் விற்பவர். முதல் முறை எங்களிடம் அடித்துவிட்டு, இரண்டாம் முறை வேறோர் இடத்தில் கொடுத்தார். அவர்கள் கழிவைக் குறைப்பதற்காக லேபிளைத் தொண்ணூறு பாகை திருப்பி அடுக்கிவிட்டார்கள். தாள் அதுவே, மை அதுவே, வடிவமும் அதுவே. ஆனால் இரண்டு தவணைச் சரக்கும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது, ஒன்று வெளிர் வெள்ளியாகவும் மற்றொன்று கருஞ்சாம்பலாகவும் தெரிந்தது. போலிச் சரக்கு வந்துவிட்டதா என்று கடைக்காரர்கள் கேட்கத் தொடங்கினார்கள். ஆர்டர் தாளில் "கோடு புட்டியின் உயரவாக்கில்" என்று எழுதி, ஓர் அம்புக்குறியும் போட்டிருந்தால் அந்த மனிதருக்கு இந்தத் தொல்லை வந்திராது.


உருட்டாலை ஓய்வாளர் எழுதியது:

ஃபாயில் உருட்டும் ஆலையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

மெல்லிய ஃபாயிலின் ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருப்பதைப் பார்த்து, ஒரு பக்கத்தில் ஏதோ பூசியிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. மிக மெல்லிய ஃபாயிலைத் தனியாக உருட்டினால் அறுந்துபோகும் என்பதால், கடைசி உருட்டலில் இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விடுகிறோம். மெருகேற்றிய எஃகு உருளையைத் தொட்ட பக்கம் பளபளக்கும். இரண்டு தகடுகளும் ஒன்றையொன்று தொட்ட பக்கம் மங்கும். அலங்கார மேற்பரப்புகளிலேயே மிகப் பழமையானது, யாரும் திட்டமிடாமல் கிடைத்த இந்த மங்கல்தான் என்று நான் நினைப்பதுண்டு.

புடைப்பு வேலைப்பாட்டுக்கு வருகிறேன். நெய்த துணி போன்ற லினன், குண்டூசித் தலைகளை நெருக்கி வைத்தது போன்ற பின்ஹெட், கட்டம் கட்டமான டைமண்ட், கோட்டு வகை ஆகியவையே அதிகம் கேட்கப்படுபவை. செதுக்கிய எஃகு உருளை ஒரு பக்கமும், இறுக்கி அடுக்கிய தாளால் ஆன உருளை மறுபக்கமும் இருக்கும். புதிய தாள் உருளையைப் பூட்டினால் உடனே ஃபாயிலை விட்டுவிட முடியாது. ஈரப்படுத்தி ஈரப்படுத்தி, எஃகு உருளையோடு சேர்த்து மணிக்கணக்கில் வெறுமனே ஓட்ட வேண்டும். எஃகிலுள்ள மேடெல்லாம் தாளில் பள்ளமாகப் பதிந்து, இரண்டும் சாவியும் பூட்டும் போலப் பொருந்திய பிறகுதான் உலோகத்தை விடுவோம். அவசரப்பட்டு முன்னதாகவே விட்டால் வேலைப்பாட்டின் விளிம்புகள் மழுங்கியிருக்கும், சில இடங்களில் ஃபாயில் கிழியவும் செய்யும். மாதிரியைக் கையில் வாங்கும்போது விளிம்பின் கூர்மையைப் பாருங்கள். உருளையை எவ்வளவு பொறுமையோடு பழக்கினார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

இன்னொன்று: சுருளின் உட்சுற்றுகளில் இழுவிசை அழுத்துவதால் புடைப்பு சற்றே தட்டையாகியிருக்கும். வெளிச்சுற்றில் ஒரு துண்டும் உட்சுற்றில் ஒரு துண்டும் வெட்டி, பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் சுருளை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.


சென்னை வடிவமைப்பு எழுதியது:

நான் பெட்டிகளுக்கும் லேபிள்களுக்கும் வடிவமைப்புச் செய்பவள். இந்த உரையாடலில் எல்லோரும் உலோகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். உலோகத்தை எங்கே மறைக்க வேண்டும் என்பதைப் பேசவில்லை. சகோதரியின் சென்ற ஆண்டுத் தொல்லை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

பார்கோடு படிக்கும் கருவி சிவப்பு ஒளியை வீசி, வெள்ளை இடைவெளிகளிலிருந்து எல்லாத் திசையிலும் சிதறித் திரும்பும் ஒளியை எதிர்பார்க்கிறது. உலோகப் பரப்பு ஒளியைச் சிதறவிடாமல் ஒரே திசையில் திருப்பிவிடுவதால், கருவியின் கண்ணுக்கு அந்த இடைவெளிகளும் கறுப்பாகவே தெரிகின்றன. கறுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே அது எதைப் படிக்கும்? கோட்டு வேலைப்பாடு இருந்தால் தொல்லை குறையும் என்று நம்பிவிடாதீர்கள், அந்தக் கோடுகள் பார்கோட்டின் கோடுகளோடு கலந்து புதிய குழப்பத்தைத் தரும். பார்கோட்டின் அடியில் அடர்த்தியான வெள்ளை மை கட்டாயம் வேண்டும். ஒருமுறை அடித்துச் சாம்பல் தெரிந்தால் இரண்டாம் முறையும் அடிக்க வேண்டும். கடைப் பொருட்களில் வரும் பதின்மூன்று இலக்கப் பார்கோடான இ.ஏ.என். 13 குறியீட்டின் இயல்பளவு, இருபுறமும் விட வேண்டிய வெற்று இடத்தையும் சேர்த்து 37.29 மில்லிமீட்டர் அகலம். அதில் 80 விழுக்காட்டுக்குக் கீழே குறைக்கக் கூடாது. உருண்டைப் புட்டியில் அதை ஏணிப்படிகள் போலக் கோடுகள் கிடைமட்டமாக இருக்கும்படி நிறுத்தினால், வளைவினால் கோடு மறைந்துபோகாது.

சட்டமும் இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி, விலையையும் நிகர அளவையும் குறிக்கும் எண்கள் பின்னணிக்கு எடுப்பாக மாறுபட்ட நிறத்தில் இருந்தாக வேண்டும். வெள்ளி உலோகத்தின்மேல் சாம்பல் எழுத்தையும், தங்கத்தின்மேல் மஞ்சள் எழுத்தையும் "நேர்த்தி" என்று சொல்லி அடிப்பவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். உலோகம் ஒரு கோணத்தில் வெள்ளையாகவும் மற்றொரு கோணத்தில் கறுப்பாகவும் தெரியும் பொருள். எந்தக் கோணத்திலும் மாறுபட்டுத் தெரிய வேண்டுமென்றால், அந்தப் பகுதிக்கு வெள்ளைப் பின்னணி கொடுத்து அடர்ந்த நிறத்தில் எழுதுவதே வழி.

என்னுடைய வழக்கம் இது: முதலில் லேபிள் முழுவதையும் வெள்ளையாக நினைத்துக்கொண்டு வரைவேன். பிறகு, எந்த இடத்தில் உலோகம் வெளியே தெரிந்தால் மட்டும் போதும் என்று பார்த்து, அங்கே மட்டும் வெள்ளையை விலக்குவேன். பெயரும், ஒரு கொடியும், விளிம்பில் ஒரு கரையும் உலோகமாக நின்றால், லேபிள் முழுவதும் உலோகமாக இருப்பதைவிட அது கூடுதலாக மின்னும். பட்டுப் புடவையில் சரிகை எடுப்பாகத் தெரிவதற்கு உடல்பகுதி அமைதியாக இருப்பதே காரணம்.

படங்களைப் பற்றியும் ஒரு சொல். லினன் போன்ற ஒழுங்கான வேலைப்பாட்டின்மேல் புள்ளிகளால் ஆன புகைப்படத்தை அச்சிட்டால், இரண்டு ஒழுங்குகளும் மோதி, அலையலையாகத் தேவையற்ற ஒரு வடிவம் தோன்றும். மூலிகைகளைக் கோட்டோவியமாக வரைந்துகொள்ளுங்கள்.


சிவகாசி அச்சு எழுதியது:

வெள்ளை மையைப் பற்றி அம்மா சொன்ன ஒவ்வொரு சொல்லையும் ஏற்கிறேன். ஆனால் வேலைப்பாடு ஏறிய தாளில் அச்சிடுவதற்கும் ஒரு வரம்பு உண்டு. தகட்டிலிருந்து ரப்பர் உருளைக்கு மாற்றி அடிக்கும் ஆஃப்செட் முறையில், ஆழமான புடைப்பின் பள்ளத்துக்குள் மை இறங்காது, வெள்ளைத் திட்டில் பொட்டுப் பொட்டாக உலோகம் எட்டிப் பார்க்கும். ஃபிளெக்ஸோ முறையின் அச்சுத் தகடு ரப்பர் போல மென்மையானது என்பதால் ஓரளவு இறங்கும். ஸ்கிரீன் முறையில் மை கனமாக விழுவதால் வெள்ளைக்கு அதுவே நல்லது. ஆகவே ஆழமற்ற வேலைப்பாட்டைத் தேர்ந்தெடுப்பது, அல்லது வழுவழுப்பான தாளில் முதலில் அச்சிட்டுவிட்டுத் தேவையான இடத்தில் மட்டும் பிறகு புடைப்புக் கொடுப்பது என்று இரண்டு வழிகள். இரண்டாவதில் அச்சும், புடைப்பை அழுத்தும் உலோகக் கட்டையான டையும் இம்மியளவும் பிசகாமல் பொருந்த வேண்டும். கழிவு கூடும், சிறு அளவு ஆர்டருக்குக் கையைக் கடிக்கும்.


சென்னை வடிவமைப்பு எழுதியது:

கழிவு கூடும் என்பது சரிதான். ஆனாலும் சின்னத்தில் மட்டும் புடைப்பு நிற்பதன் அழகு, முழுப் பரப்பில் சீராக ஓடும் வேலைப்பாட்டில் கிடைப்பதில்லை. செதுக்கிய பித்தளை டையில், மிக நுண்ணிய கோடுகளை ஒரு பகுதியில் ஒரு கோணத்திலும் அடுத்த பகுதியில் வேறு கோணத்திலும் இட்டு, வழுவழுப்பான ஃபாயிலின்மேல் அழுத்திப் பாருங்கள். புட்டியைத் திருப்பும்போது இலை ஒரு பக்கம் இருண்டு மறுபக்கம் ஒளிரும். மையே இல்லாமல் ஓவியம் அசைகிறது. இதைப் புட்டிக்குச் செய்ய முடியாவிட்டால் பரிசுப் பெட்டிக்காவது செய்யுங்கள் என்பது என் வேண்டுகோள்.


பொள்ளாச்சித் தைலம் எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மடித்துப் பார்க்கும் சோதனையைச் செய்தேன். "ஒரிஜினல் அலுமினியம்" உண்மையாகவே ஃபாயில்தான். "மெட்டலைஸ்டு" என்று கொடுத்தது தாள் அல்ல, பிளாஸ்டிக் படலம். மூன்றாவது அட்டை.

இன்னும் ஒரு கவலை. எங்கள் வாடிக்கையாளர்கள் எண்ணெய்க் கையோடுதான் புட்டியைப் பிடிப்பார்கள், குளியலறையில் ஈரத்திலும் வைப்பார்கள். முன்பு ஒட்டிய லேபிளில் இரண்டு மாதத்துக்குள் விளிம்பு எழும்பி, பசை கறுத்து, புட்டி அழுக்காகத் தெரிந்தது. எண்ணெய் பட்டால் அலுமினியம் கெட்டுப்போகுமா?


பாட்டிலிங் பிரிவு எழுதியது:

கண்ணாடிப் புட்டிகளைத் திரும்பப் பெற்றுக் கழுவி நிரப்பும் ஆலையில் வேலை செய்கிறேன். உங்கள் எண்ணெயால் அலுமினியத்துக்குக் கேடில்லை. அதற்குப் பகை காரமும், கடுமையான அமிலமும், உப்பும்தான். சலவைச் சோடா, துணி சோப்புக் கரைசல் போன்றவற்றில் ஊறினால் கறுக்கும். ஊறுகாய்ச் சாறு பட்டால் நாளடைவில் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

நாங்கள் இந்தப் பகையையே எங்களுக்கு உதவியாக்கிக்கொள்கிறோம். திரும்பி வரும் புட்டிகளைச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் முக்கும்போது, ஆவிப்பூச்சுத் தாள் லேபிளிலுள்ள அலுமினியம் கரைந்து, லேபிள் கழன்று வந்துவிடும். அந்தத் தாள்களில் லினன், பின்ஹெட் போன்ற புடைப்பு இருப்பது அழகுக்காக மட்டும் என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பார்கள். அந்தப் பள்ளங்களின் வழியே கரைசல் விரைவாக உள்ளே புகுகிறது என்பதும் அதற்கொரு காரணம். உண்மையான ஃபாயில் லேபிள் அதே தொட்டியில் விழுந்தால், கரைய வேண்டிய உலோகம் மிக அதிகம், அதற்கேற்ப ஹைட்ரஜன் வாயுவும் அதிகம் வெளிப்படும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் அது ஆபத்து. புட்டிகளைத் திரும்பப் பெறும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் இதை இப்போதே மனத்தில் வையுங்கள்.


சிவகாசி அச்சு எழுதியது:

விளிம்பு எழும்பியதற்கு உலோகத்தைக் குறை சொல்ல வேண்டாம், பசைதான் காரணம். ரப்பர் வகைப் பசையை எண்ணெய் இளக்கிவிடும். இளகிய பசை விளிம்பில் வழிந்து தூசியைப் பிடித்துக் கறுக்கும். அக்ரிலிக் பசை எண்ணெய்க்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஆர்டர் கொடுக்கும்போது பசையின் வகையைக் கேட்டு எழுதி வாங்குங்கள். புட்டியில் எண்ணெயை நிரப்பிய பிறகு லேபிள் ஒட்டுகிறீர்கள் என்றால், வெளியே கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருக்கும். எந்தப் பசையும் அதன்மேல் நிற்காது. முதலில் லேபிள், பிறகு எண்ணெய் என்று வரிசையை மாற்ற முடியுமா பாருங்கள்.

படலத்துக்கும் ஃபாயிலுக்கும் இங்கே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. விறைப்பான பாலியெஸ்டர் படலம் வளைவில் ஒட்டிய பிறகும் நிமிர்ந்துகொள்ளப் பார்க்கும், விளிம்பைத் தூக்கும். மென்பதமான ஃபாயிலுக்கு அந்தக் குணமே இல்லை, வளைத்தபடி படிந்து கிடக்கும். ஆனால் ஒட்டும்போது ஒரு சுருக்கம் விழுந்துவிட்டால் அது அப்படியே நிலைத்துவிடும்; தேய்த்து நிமிர்த்த முடியாது. அழுத்திப் பிழியும் பிளாஸ்டிக் புட்டிக்கு ஃபாயிலை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். உங்களுடையது கண்ணாடி என்பதால் சொல்கிறேன்.

என் கருத்து இதுதான்: புட்டிக்கு 50 மைக்ரான் மென்பத ஃபாயில், ஆழமற்ற கோட்டு வேலைப்பாடு உயரவாக்கில், புட்டியின் பின்பக்கம் வரும் சிறு எழுத்துப் பகுதி முழுவதும் ஸ்கிரீன் வெள்ளை, மேலே மங்கலான யு.வி. வார்னிஷ். பெட்டிக்கு ஆவிப்பூச்சு அட்டையே போதும், அங்கே எண்ணெயும் இல்லை, ஈரமும் இல்லை. அளவைக் கூட்டுவதற்கு முன் ஐம்பது லேபிள் மட்டும் அடித்து வாங்கி, தைலத்தில் நனைத்த துணியால் தேய்த்தும், செலோ டேப்பை ஒட்டிச் சரக்கென்று இழுத்தும் பாருங்கள். டேப்போடு மை வந்தால் அந்த அச்சை ஏற்க வேண்டாம்.


மறுசுழற்சி ஆர்வலர் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். உலோகம் கட்டாயம் வேண்டுமா? தாளோடு ஒட்டிய ஃபாயிலைப் பிரித்தெடுப்பது கடினம், அது குப்பைக்குத்தான் போகிறது. நல்ல பருத்தித் தாளில் அழகான புடைப்பு வேலை செய்யலாமே.


சென்னை வடிவமைப்பு எழுதியது:

நியாயமான கேள்வி. பெட்டியைப் பொறுத்தவரை, ஃபாயில் ஒட்டிய அட்டையைவிட ஆவிப்பூச்சு அட்டையில் உலோகம் மிக மிகக் குறைவு என்பதால் அதைக் கூழாக்கித் தாளாக மீட்க முடியும். அச்சு அண்ணன் அதைத்தான் பரிந்துரைத்திருக்கிறார். புட்டிக்குப் பருத்தித் தாள் என்றால் எண்ணெய் ஊறிக் கறையாகிவிடும். எண்ணெய் இல்லாத பொருளாக இருந்தால் நானும் உங்கள் பக்கமே நிற்பேன்.


பொள்ளாச்சித் தைலம் எழுதியது:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். ஐம்பது லேபிள் அடித்து வாங்கினோம், இருபத்தைந்தில் கோடு உயரவாக்கில், இருபத்தைந்தில் சுற்றுவாக்கில். இரண்டையும் சென்ற ஆண்டு சரக்கைத் திருப்பி அனுப்பிய அதே கடைக்குக் கொண்டுபோய், அதே டியூப் லைட்டின் கீழ் அதே அடுக்கில் வைக்கச் சொன்னேன். சுற்றுவாக்கில் இருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது, ஆனால் ஒளிக்கோடு எங்கே விழுகிறதோ அங்கே இரண்டு எழுத்து மறைந்தது. உயரவாக்கில் இருந்தது அவ்வளவு கூச்சலிடவில்லை. கையில் எடுத்தால் கடைசி வரி வரை படிக்க முடிந்தது. பார்கோடு இரண்டிலும் முதல் முறையிலேயே ஏறியது. கடைக்காரரே உயரவாக்கில் இருந்ததைத்தான் எடுத்துக்கொண்டார்.

எண்ணெய்த் துணித் தேய்ப்பில் முன்பக்கம் நன்றாக நின்றது. டேப் சோதனையில் பின்பக்க வெள்ளை ஓரிடத்தில் உரிந்தது. மை பிடிப்பதற்காக ஃபாயிலின் மேல் முன்பே பூசும் அச்சுப்பூச்சு அந்தச் சுருளில் சரியாக இல்லை என்று அச்சகத்தார் ஒப்புக்கொண்டு வேறு சுருளில் மறுபடி அடித்துத் தந்தார்கள், இப்போது உரியவில்லை. லேபிள் ஒட்டும் கையுருளை கடினமான ரப்பர் என்பதால், ஒட்டிய பிறகு கோடுகள் சற்று மழுங்கியது போலத் தெரிகிறது. அதற்கு என்ன செய்யலாம்? பரிசுப் பெட்டிக்கு இலை வேலைப்பாட்டுப் பித்தளை டை செய்யக் கொடுத்துவிட்டோம்.


சிவகாசி அச்சு எழுதியது:

மிக்க மகிழ்ச்சி, சகோதரி. கடின ரப்பரை எடுத்துவிட்டு மென்மையான ஸ்பாஞ்சு உருளையை மாட்டுங்கள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஒரே ஒருமுறை உருட்டினால் போதும். இப்போது தேறிய லேபிளில் மூன்றை எடுத்து, பின்புறத் தாளில் கோட்டின் திசைக்கு அம்புக்குறி போட்டு, தேதியோடு நீங்களும் அச்சகத்தாரும் கையெழுத்திடுங்கள். ஒன்று அவர்களிடம், இரண்டு உங்களிடம். வெயில் படாத உறைக்குள், மடியாமல் வைத்திருங்கள். அடுத்த தவணை வரும்போது அதைச் சுருளின் முதல் லேபிளோடு வைத்து, ஜன்னலோரத்திலும் டியூப் லைட்டின் கீழும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு சரக்கை இறக்கச் சொல்லுங்கள்.